கடன் உண்டென்று மெய்ப்பிப்பது யார் பொறுப்பு?

சேலம், நாமக்கல் சமவெளிகளில் மஞ்சளும் மரவள்ளியும் பயிரிடும் குடியானவர்கள் உரம், விதை முதலியவற்றைக் கடைப்பற்றாகவும், ரொக்கத்தைப் புரோநோட்டின் மேலும் வாங்குவதுண்டு. இவ்விரண்டிற்கும் சாட்சிய முறை ஒன்றன்று.

கடைப்பற்றில், பாக்கி உண்டென்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரரே. அவருடைய கணக்குப் புத்தகம் மட்டும் போதாது. சரக்குக் கொடுத்ததற்கு வேறு ஆதாரமும் வேண்டும்.

புரோநோட்டின் விஷயம் வேறு. கையொப்பம் மெய்யென்று ஏற்பட்டால், பணம் கொடுக்கப்பட்டதாகவே 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் அநுமானிக்கும். வாங்கவில்லை என்பவர்தாம் அதைக் காட்ட வேண்டும். ஆகவே, தொகை எழுதாத நோட்டில் கையொப்பமிடுவது நிலத்தையே பணயம் வைப்பதற்கொப்பாகும்.

செலுத்தியதைக் காட்டும் பொறுப்பு கடனாளியுடையது. ராஜாஜி பிரதம மந்திரியாயிருந்த 1938ல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இயற்றப்பட்டது. 1932 அக்டோபருக்கு முந்திய கடனில் அசலைப்போல் இரு மடங்கு செலுத்தியிருந்தால், கடன் தீர்ந்ததென்று அது விதித்தது. ஆயினும் ரசீதில்லாதவர் அச்சலுகையைப் பெறுவது எங்ஙனம்?

எனவே, கட்டும் தொகையை அவ்வப்போது நோட்டின் பின்புறம் தேதியிட்டு வரவெழுதச் செய்து, கடன் கொடுத்தவர் கையொப்பமிட்ட ரசீதையும் பெறுதல் வேண்டும். கணக்குத் தீர்ந்ததும் நோட்டைக் கையில் வாங்காமல் வீடு திரும்பலாகாது.