தோட்டம் கைமாறினால் நம் சர்வீசும் போய்விடுமா?



தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போனால் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் தோட்டத்து ஆட்களைப் பார்த்துவிடலாம். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி, திசைக்கொருவராகப் பிரிந்தவர்கள் அந்தப் படிக்கட்டின் அடியில்தான் மறுபடி ஒன்று சேருகிறார்கள். அப்படி ஒரு தைப்பூசத்தில் நம்மைக் கண்ட ஓர் அக்காள், முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"தம்பி, நீ யூனியன்ல இருக்கியே, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. ஆபீசுல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டுட்டேன்."

படித்தோம். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று மலாயில் எழுதியிருந்தது. தோட்டம் விலைபோன வாரத்தில் வாங்கிய கையெழுத்து. அதே நாளில் புதிய கம்பெனி அவரைப் 'புது ஆளாக' எடுத்துக்கொண்டது. மரமும் அதேதான், மண்டோரும் அதே ஆள்தான். ஒரு வருடம் கழித்து ஆட்குறைப்பு வந்தது. பதினெட்டு வருடம் உழைத்தவருக்கு ஒரு வருடக் கணக்குத்தான் போட்டார்கள்.

அந்த ஒரு கையெழுத்தின் விலை என்ன தெரியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1980-ஆம் ஆண்டின் பணிநிறுத்த நலன் விதிகளின்படி, ஆட்குறைப்பில் போகிறவருக்கு, சர்வீஸ் இரண்டு வருடத்துக்குக் கீழ் என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 15 நாள். ஐந்துக்கு மேல் 20 நாள். குறைந்தது பன்னிரண்டு மாதமாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். நாள் சம்பளம் 65 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு வருடத்துக்கு 23,400 வெள்ளி. ஒரு வருடத்துக்கோ வெறும் 650 வெள்ளி! தானாக விலகியவருக்கு இந்த விதிகளில் ஒரு காசும் கிடையாது. அதனால்தான் அந்தக் காகிதத்தை அவ்வளவு அவசரமாக நீட்டுகிறார்கள்.

தோட்டம் கைமாறும் துன்பம் நமக்குப் புதிதல்ல. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். நம் பெரியவர்கள் வேலையும் இழந்தார்கள், லயத்து வீட்டையும் இழந்தார்கள். அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியின் பணத்தாலேயே தோட்டம் வாங்க வழி செய்தார். பிற்காலத்தில் நம் கண்ணெதிரே பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆனது. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. நிலம் மாறுவதை எப்போதும் தடுக்க முடிவதில்லை. ஆனால், நம் சர்வீஸ் மறைந்து போவதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது.

முதலாளி என்ன செய்ய வேண்டும்?

தோட்டம் கைமாறிய ஏழு நாளுக்குள், பழைய சலுகைகளுக்குக் குறையாமல் வேலை தொடரும் என்று புதிய முதலாளி சொல்ல வேண்டும். சொன்னால் சர்வீஸ் அறுபடாமல் தொடரும். நியாயமான காரணமில்லாமல் நாம் மறுத்தால் நலன் தொகை கிடைக்காது. இதையும் மறக்கக் கூடாது. அவர் அப்படிச் சொல்லாவிட்டால், வேலை நிறுத்தப்பட்டதாகவே கொள்ளப்படும். நலன் தொகைக்குப் பழையவர், புதியவர் இருவருமே பொறுப்பு.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் நோட்டீசையும் சொல்லுகிறது. ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருக்காவிட்டால், இரண்டு வருடத்துக்குக் கீழ் நான்கு வாரம், ஐந்து வருடத்துக்குள் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம். ஆட்குறைப்பு என்றால் முப்பது நாள் முன்பே தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். நலன் தொகையை ஏழு நாளுக்குள் கொடுத்து, எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுத்திலும் தர வேண்டும். நம்மோடு செம்பனை வெட்டுகிற வங்காளதேசத்துத் தோழனுக்கும் இந்தோனேசியத் தோழனுக்கும் இதே சட்டம்தான்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

வேலைக்கு எடுத்த கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் தகரப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். காகிதம் தொலைந்தவர்கள் இபிஎப் கணக்கறிக்கையை எடுங்கள். எந்த மாதம் எந்த முதலாளி பணம் கட்டினார் என்று அது சொல்லும். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகிட்ட படிக்கச் சொல்லிட்டுத் தரேன்" என்று சொல்லுங்கள். அநியாயமாக நீக்கப்பட்டால் அறுபது நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். வேலை இழந்தவர் சொக்சோவின் வேலைக் காப்புறுதிக்கு மனுப் போடவும் அறுபது நாள்தான் கெடு. 'தானாக விலகினேன்' என்று எழுதியவருக்கு அந்தக் காப்புறுதியும் இல்லை!

அந்த அக்காளின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இபிஎப் கணக்கு கைகொடுத்தது. தொழிலாளர் இலாகாவில் பல மாதம் இழுபறி. அந்தக் கையெழுத்தை முன்னால் வைத்தே எதிர்த்தரப்பு பேசியது. கடைசியில் சமரசத்தில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது. "மீதிய முருகன்கிட்ட கேட்டுக்கிறேன் தம்பி" என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

முருகனிடம் கேட்க வேண்டியது வேறு எவ்வளவோ இருக்கிறது, தோழர்களே. இது நாம் உழைத்த காசு. இதை முதலாளியிடமே கேட்போம். ஒன்றாய்ச் சேர்ந்து கேட்போம்!