குப்பைமேனி வேருக்குச் சொக்கிய முத்து

குப்பைமேனியைப் பிடுங்கி எறியாத வீடு நம் சீமையில் கிடையாது. ஆனால் அதன் வேருக்கு முன்னால் ஒரு பூனை சொக்கிக் கிடப்பதைக் கண்ணாரப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நான் பார்த்துவிட்டேன்! அதுவும் முன்வாசல் திறக்கும் முன்பே, கொல்லைப்புற வழியாக உள்ளே போய்.

கீரமங்கலத்துக்கும் குளமங்கலத்துக்கும் நடுவே ஒரு சின்ன மூலிகைத் தோட்டம். பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் செம்மண் நிலத்தில் ஆசை ஆசையாக வளர்த்துவருவது. மாசி மகம் நெருங்கிய வாரம் அது. பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் 33 அடி உயரக் குதிரைக்குச் சாத்த வேண்டிய காகிதப்பூ மாலைகளைப் பற்றித்தான் ஊரெங்கும் பேச்சு. மகத்தன்று மாலை மேல் மாலை விழுந்து குதிரையே மறைந்துபோகும்! அந்தக் கலகலப்புக்கு நடுவே, மூடிபோட்ட கூடையில் என் பூனை முத்துவைச் சுமந்துகொண்டு, மாசிப் பனியில் நனைந்தபடி போய் நின்றேன்.

"வாம்மா, பிள்ளையையும் கூட்டியாந்துட்டியா? வாரை மட்டும் கழட்டிராதே. தேன்சிட்டு கூடு கட்டுற நேரம்" என்றார் சார். சரியான கண்டிப்பு. பூனையோடு தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு முதல் சட்டமே அதுதான். முத்துவுக்கு மார்புப் பட்டை பூட்டி, வாரைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

பார்க்க வருகிறவர்கள் முன்பக்கப் பாத்திகளையும் பெயர்ப்பலகைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கூத்தெல்லாம் பின்கட்டில்! கொட்டகைக்குள் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய எரு என்று கலந்து குவித்திருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்த பலாமரத்தின் அடித்துண்டுதான் இன்று நாற்றுப் பைகளை அடுக்கும் மேடை. அதன் பக்கத்திலேயே புதிய பலாக்கன்றுகள் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. மழைக்காலத்தில் நெருப்பாகப் பூத்த செங்காந்தள் இப்போது கொடி காய்ந்து, கிழங்கு மட்டும் மணலுக்குள் உறங்குகிறது. அந்தப் பக்கம் முத்துவை அண்ட விடவில்லை. கொல்கிசின் என்ற கடும் நஞ்சு கொண்ட கிழங்கு அது.

வேலியோரம் பூனைக்காலி நெற்று பறிப்பு நடந்துகொண்டிருந்தது. தோட்ட வேலை பார்க்கும் அக்கா முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டார். பட்டுப்போலத் தெரியும் அந்தச் சுணை தோலில் பட்டால் தாங்க முடியாத அரிப்பு. உள்ளே இருக்கும் விதையிலோ நடுக்குவாதத்துக்குத் தரப்படும் லெவோடோபா! இன்னொரு பாத்தியில் பூனைமீசை. பூவிலிருந்து நீண்டு நிற்கும் மகரந்தத்தாள்களையும் முத்துவின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், அப்படியே இருந்தது.

இதையெல்லாம் முத்து சட்டை செய்யவே இல்லை. களை பிடுங்கிய குவியல் பக்கம் வந்ததும் நின்றுவிட்டது. அக்கா சிரித்துக்கொண்டே வேரோடு ஒரு குப்பைமேனியை உருவி, மண்ணை உதறிக் கீழே போட்டார். "இப்பப் பாரும்மா!"

முத்து மோந்தது. தாடையை வைத்துத் தேய்த்தது. கன்னத்தைத் தேய்த்தது. பிறகு மல்லாந்து விழுந்து, நான்கு காலாலும் வேரைக் கட்டிக்கொண்டு உருண்டது பாருங்கள்! எச்சில் வழிய, கண் பாதி மூடி, பட்டப்பகலில் ஒரு சொர்க்கம். இலையைக் கொடுத்துப் பார்த்தோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேர்தான் வேண்டும், அதுவும் அப்போது பிடுங்கிய வேர். பூனைவணங்கி என்று நம் வைத்தியர்கள் இந்தச் செடியைக் குறித்து வைத்தது சும்மா இல்லை.

வேரில் இருப்பது என்ன? 2016-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைப் பிரித்துக் காட்டினார்கள். ஐசோடைஹைட்ரோநெபிடலாக்டோன், ஐசோஇரிடோமிர்மெசின் என்ற இரண்டு பொருள்கள். மேல்நாட்டுப் பூனைகளைக் கிறங்கவைக்கும் கேட்னிப் செடியின் நெபிடலாக்டோனுக்கு இவை நெருங்கிய உறவு. கிறிஸ்துமஸ் தீவிலும் பூனைகள் குப்பைமேனி வேரை நாடி வருவதைப் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் பூனைகளைக் கிறங்கவைக்கும் மதாதாபி கொடியின் கதை இன்னும் ருசி. அதன் இலையில் புரண்ட பூனைகள் மேல் கொசு குறைவாகவே உட்காருகிறது என்று 2021-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிறக்கத்துக்குள் ஒரு கொசுவிரட்டி! எத்தனை அழகான ஏற்பாடு!

சார் குப்பைமேனிச் செடி ஒன்றை என் கண்ணுக்குக் கீழே பிடித்து, மேலிருந்து பார்க்கச் சொன்னார். ஓர் இலை இன்னோர் இலையை மறைக்கவில்லை. காம்புகள் நீளமும் குட்டையுமாக வளர்ந்து ஒவ்வொன்றுக்கும் வெயிலைப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. இவ்வளவு நாள் காலடியில் கிடந்த செடி! காசு கொடுத்துப் பொட்டலத்தில் கேட்னிப் தூள் வாங்குகிறவர்களை எல்லாம் இந்தப் பின்கட்டுக்கு அழைத்துவர வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் மயக்கம் தெளிந்து, ஒன்றும் நடக்காததுபோல் முத்து கால் நக்க ஆரம்பித்தது.

பூனை வளர்க்கிறீர்களா? அடுத்த முறை களைக்கொத்து எடுக்கும்போது கொல்லை மூலையில் ஒரு குப்பைமேனியை விட்டுவையுங்கள். வேரைக் கழுவி மோந்து பார்க்க மட்டும் கொடுங்கள். தின்ன விடாமல் எடுத்துவிடுங்கள். எல்லாப் பூனையும் மயங்காது, குட்டிகளும் கண்டுகொள்ளாது, வற்புறுத்த வேண்டாம். அரளி, செங்காந்தள், கடையில் விற்கும் லில்லிப் பூங்கொத்து மூன்றையும் வீட்டுக்குள் விடவே விடாதீர்கள். லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே போதும், பூனையின் சிறுநீரகம் பழுதாகிவிடும்.