ஆட்டுக்குத் தழை, குதிரைக்குப் பகை

கிள்ளான் பள்ளத்தாக்கில் சாலையோரம், காலி நிலம் என்று எங்கு பார்த்தாலும் ஒரு மரம் தழைத்து நிற்கும். மலாய்க்காரர்கள் இதைப் பெத்தாய் பெலாலாங் என்பார்கள். தமிழ்நாட்டில் சவுண்டல், சூபாபுல் என்று பெயர். ஆடு வளர்ப்பவர்களுக்கு இது நல்ல தீவனம். புரதம் அதிகம், காசு செலவில்லை.

அதே தழையைக் குதிரைக்கும் இயற்கை ஊட்டமாகக் கொடுத்தால் என்ன?

கூடாது. இதிலுள்ள மிமோசின் என்ற பொருள் மயிர் வளர்ச்சியைத் தடுக்கும். தொடர்ந்து தின்னும் குதிரைக்குப் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டிப்போகும். அழகே போய்விடுமே!

ஆடு மட்டும் எப்படித் தப்புகிறது? அதன் வயிற்றில் இந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் இருக்க வேண்டும். எல்லா நாட்டிலும் அது இருப்பதில்லை. ஆஸ்திரேலிய மாடுகள் இத்தழையைத் தின்று நோயுற்றன; ஹவாய்த் தீவு ஆடுகளோ நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி இதைக் கவனித்தார். ஹவாய் ஆடுகளின் வயிற்று நுண்ணுயிர்கள் 1980களில் ஆஸ்திரேலிய மாடுகளுக்குச் செலுத்தப்பட்டன, பாதிப்பு நீங்கியது. 1992இல் அந்தப் பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

குதிரை அசைபோடும் பிராணி அல்ல. தின்றது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்குப் போன பிறகுதான் நுண்ணுயிர்களின் வேலை பெருமளவில் நடக்கும். அதற்குள் நஞ்சு இரத்தத்தில் கலந்துவிடும். குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது.

இதைவிடக் கொடியது, பூசைக்கு நாம் பறிக்கும் அரளி. 500 கிலோ எடையுள்ள குதிரையைக் கொல்ல 25 கிராம் உலர்ந்த அரளி இலையே போதுமானதாகலாம். நஞ்சு நேராக இதயத்தைத் தாக்கும். பச்சை இலை கசப்பதால் குதிரை பெரும்பாலும் ஒதுக்கிவிடும். வெட்டிப் போட்ட கிளை காய்ந்து வைக்கோலில் கலந்தால் ஆபத்து அதிகம்; காய்ந்தாலும் நஞ்சு போகாது.

பந்தயக் குதிரை வளர்ப்பவர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. வில்லோ மரத்தின் பட்டையிலும் இலையிலும் உள்ள சாலிசின், உடலுக்குள் போனதும் ஆஸ்பிரினின் உறவான சாலிசிலிக் அமிலமாக மாறும். வலி குறையலாம். ஆனால் சிறுநீர்ச் சோதனையில் அளவு மீறினால் அது ஊக்கமருந்துக் குற்றம். "இலைதானே கொடுத்தோம்" என்ற சமாதானம் எடுபடாது.

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கிடைக்கும் முருங்கைக்கீரை? உலர்ந்த இலையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். கொடுப்பதாயின் கால்நடை மருத்துவரைக் கேட்டு, கொஞ்சமாகத் தொடங்கலாம். நாளொன்றுக்கு 10 கிலோ அளவுக்கு உலர்தீவனம் தின்னும் பிராணிக்குப் புல்தான் சாப்பாடு. கீரை வெறும் தொட்டுக்கொள்ளத்தான்.

அரளி தின்றதாகச் சந்தேகம் வந்தால் கைவைத்தியம் வேண்டாம். மருத்துவரை உடனே அழைத்து, தின்ற கிளையில் ஒன்றை அவரிடம் காட்ட எடுத்து வைக்க வேண்டும்.