தள்ளத் தெரியும், இழுக்கத் தெரியாது

பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டியிருக்கும் ஜீவனஹள்ளிக்கு வாருங்கள். இடைவெளி இல்லாமல் நெருங்கி நிற்கும் வீடுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழ்வீடு, முதல் மாடி, இரண்டாம் மாடி, அதற்கு மேலே மொட்டை மாடி. மொட்டை மாடியில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி.

இரண்டாம் மாடியில் குடியிருப்பவர்களுக்குத்தான் அந்தத் தொட்டி மிகப் பக்கம். நியாயமாகப் பார்த்தால் அவர்கள் வீட்டில்தான் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வரவேண்டும். நடப்பதோ தலைகீழ். அங்கே ஷவர் அழுது வடிகிறது. கீழ்வீட்டுக் குழாயைத் திறந்தால் வாளியில் விழும் தண்ணீர் தெறித்துச் சட்டையை நனைத்துவிடுகிறது.

“பெரிய தொட்டியாக வாங்கி வைத்தால் சரியாகிவிடாதா?” என்று கேட்கிறீர்களா? 500 லிட்டர் தொட்டியை இறக்கிவிட்டு, அதே இடத்தில், அதே நீர்மட்டத்தில் 2000 லிட்டர் தொட்டியை வைத்தாலும் ஷவர் அப்படியேதான் வடியும். ஏன் என்று தெரிய வேண்டுமானால், மொட்டை மாடியில் தொடங்கி ஒவ்வொரு மாடியாகக் கீழே இறங்க வேண்டும்.

தொட்டியிலிருந்து கீழ்வீடு வரை

அழுத்தம் என்பது என்ன? ஒரு பரப்பின் மேல் விழும் விசையை அந்தப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். பாடப் புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும். இதைத் தண்ணீருக்குப் போட்டுப் பார்ப்போம்.

தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து கீழ்வீட்டுக் குழாய் வரை 10 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் அகலத்தில் 10 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர்த்தூணை மனதில் நிறுத்துங்கள். 10 மீட்டர் என்றால் 1000 சென்டிமீட்டர். ஆகவே அந்தத் தூணில் இருப்பது 1000 கன சென்டிமீட்டர் தண்ணீர், அதாவது ஒரு லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. கீழ்வீட்டுக் குழாய்க்குள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ எடை அழுத்திக்கொண்டிருக்கிறது!

இரண்டாம் மாடி ஷவர் நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழேதான் இருக்கிறது. அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிராம்தான். ஷவர் ஏன் அழுகிறது என்று இப்போது புரிகிறதா?

பெரிய தொட்டியின் கதையும் இதுதான். அதில் தண்ணீர் நாலு மடங்கு இருக்கலாம். ஆனால் உயரம் அதேதான் என்றால் அடிப்பரப்பும் நாலு மடங்கு. கூடுதல் எடை கூடுதல் பரப்பில் பரவிவிடும். ஒரு சதுர சென்டிமீட்டரின் பங்கு மாறாது. நிற்கும் நீரின் அழுத்தத்தை ஆழம்தான் முடிவு செய்கிறது. தொட்டியின் அகலமும் வடிவமும் அல்ல. ஷவர் நன்றாக வர வேண்டுமானால் தொட்டியை இன்னும் உயரமான மேடையில் ஏற்ற வேண்டும்.

ஒரு சந்தேகம் வரலாம். எடை கீழ்நோக்கித்தானே அழுத்தும்? குழாயில் தண்ணீர் பக்கவாட்டில் எப்படிப் பாய்கிறது? மேலேயிருந்து நெருக்கப்படும் தண்ணீர் சுருங்குவதற்கு இடம் இல்லாமல் எல்லாத் திசையிலும் தள்ளப் பார்க்கிறது. கீழே, பக்கவாட்டில், மேலேகூட. எந்தப் பக்கம் வழி திறக்கிறதோ அந்தப் பக்கம் பாய்கிறது.

செய்து பாருங்கள்

ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை போடும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். முதலில் அடிப்பகுதிக்குக் கொஞ்சம் மேலே சின்னதாக ஒரே ஓர் ஓட்டை. விரலால் அதை அடைத்துக்கொண்டு, தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்குங்கள். விரலை எடுங்கள். சில சொட்டுகள் வரும், பிறகு நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் தண்ணீர் பீய்ச்சும்! இதற்கான காரணத்தைக் கொஞ்ச நேரத்தில் பார்க்கலாம்.

அடுத்து, மூடி போடாத இன்னொரு பாட்டிலில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஓட்டைகள். நீரின் உயரத்தை நாலு சம பாகமாகப் பிரித்து, கால் உயரத்தில் ஒன்று, பாதியில் ஒன்று, முக்கால் உயரத்தில் ஒன்று. பல புத்தகங்களில் இதற்கு ஒரு படம் இருக்கும். அடி ஓட்டையின் தண்ணீர் ரொம்ப தூரத்தில் போய் விழுவதாக வரைந்திருப்பார்கள். பாட்டிலை மேசையின் நடுவில் வைத்துச் செய்து பாருங்கள். மிகத் தூரம் போவது நடு ஓட்டையின் தண்ணீர்! மேல் ஓட்டையின் நீரும் அடி ஓட்டையின் நீரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும்.

ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்ற விதி பொய்யா? இல்லை. அடி ஓட்டையிலிருந்துதான் தண்ணீர் மிக வேகமாகக் கிளம்புகிறது. ஆனால் மேசை மிக அருகில் இருப்பதால், தூரம் போவதற்குள் தரை தட்டிவிடுகிறது. அதே பாட்டிலை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் உள் ஓரத்தில் வைத்து, தண்ணீர் மாடித் தரையில் விழும்படி செய்யுங்கள். இப்போது அடி ஓட்டைதான் ஜெயிக்கும். படத்தை நம்புவதைவிடப் பாட்டிலை நம்புவது நல்லது.

நம் மேல் நிற்கும் காற்று

தண்ணீருக்கு எடை உண்டு என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். காற்றுக்கு? அதற்கும் உண்டு. நாம் எல்லோரும் ஒரு காற்றுக் கடலின் அடியில்தான் வாழ்கிறோம். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 1013 ஹெக்டோபாஸ்கல் (இது அழுத்தத்தின் ஓர் அலகு). ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. நம் கீழ்வீட்டுக் குழாயில் 10 மீட்டர் தண்ணீர் தந்த அதே அழுத்தம்!

அப்படியென்றால் நாம் ஏன் நசுங்கவில்லை? கையை நீட்டினால், மேலிருந்து தள்ளும் அதே அளவுக்குக் கீழிருந்தும் காற்று தள்ளுகிறது. உடம்புக்குள்ளும் அதே அழுத்தம் இருக்கிறது. கணக்கு சமமாகிவிடுகிறது.

காற்று எப்படித் தள்ளுகிறது? காற்றின் மூலக்கூறுகள் நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் எல்லாப் பக்கமும் பறந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் மோதுகின்றன. தகரக் கூரையில் பெருமழை பெய்யும்போது ஒவ்வொரு துளியின் சத்தமும் தனியாகக் கேட்பதில்லை, ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். அதுபோல எண்ண முடியாத மோதல்கள் சேர்ந்து ஒரே சீரான அழுத்தமாகிவிடுகின்றன. பஞ்சர் கடையில் சைக்கிள் டியூபுக்குக் காற்று அடிக்கும்போது மூலக்கூறுகளின் எண்ணிக்கை கூடுகிறது, மோதல்களும் கூடுகின்றன. வெயிலில் நிறுத்தினால் அவற்றின் வேகம் கூடுகிறது. அதனாலும் அழுத்தம் ஏறுகிறது.

தண்ணீருக்கும் காற்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பெங்களூரில் தண்ணீரின் அடர்த்தி காற்றைவிடச் சுமார் 900 மடங்கு அதிகம். நம் வீட்டில் 10 மீட்டர் இறங்கும்போது குழாய் நீரின் அழுத்தம் ஏறக்குறைய 1000 ஹெக்டோபாஸ்கல் கூடுகிறது. அதே 10 மீட்டரில் காற்றின் அழுத்தம் கூடுவது ஒரே ஒரு ஹெக்டோபாஸ்கல் அளவுக்குத்தான். உங்கள் காதுக்கு அது தெரியாது. ஆனால் சில செல்போன்களில் உள்ள அழுத்தமானி, நீங்கள் படியேறுவதை அந்தச் சிறு வித்தியாசத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும்.

சென்னை ரயிலில் ஒரு சிப்ஸ் பாக்கெட்

சென்னையிலிருந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வரும் ரயில்கள் ஜீவனஹள்ளிக்குப் பக்கத்திலுள்ள பெங்களூரு கிழக்கு ஸ்டேஷனைத் தாண்டித்தான் வருகின்றன. அந்த ரயிலில், கடல் மட்டத்தில் அடைத்த சிப்ஸ் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவாருங்கள். இங்கே வந்து சேரும்போது அது உப்பியிருக்கும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த 920 மீட்டர் காற்று இப்போது நமக்குக் கீழே போய்விட்டது. இங்கே காற்றழுத்தம் சுமார் 910 ஹெக்டோபாஸ்கல்தான். பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று பழைய பலத்தோடு உள்ளிருந்து தள்ள, வெளிக்காற்றின் எதிர்த்தள்ளல் குறைந்துவிடுகிறது.

உயரம் ஏறினால் காற்றழுத்தம் குறையும் என்று முதலில் மலையேறி அளந்து காட்டியது 1648-ல், பிரான்ஸ் நாட்டில். இத்தாலியரான டாரிசெல்லி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை 76 சென்டிமீட்டர் உயரத்துக்குக் காற்றே தாங்கி நிற்கிறது என்று காட்டியிருந்தார். பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி, அவருடைய அக்காள் கணவர் பெரியே என்பவர் அப்படியொரு குழாயோடு புய் தெ டோம் என்ற மலையில் ஏறினார். சுமார் 1000 மீட்டர் ஏறியதும் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு நாம் ஏறுவதும் கிட்டத்தட்ட அதே உயரம்தான்! அந்தக் குழாய் நம்மிடம் இருந்தால் இங்கே பாதரசம் 68 சென்டிமீட்டர் அருகில் நிற்கும்.

அம்மா அடுப்பில் வைக்கும் தண்ணீரும் இந்தக் கணக்கை அறியும். கொதிக்கும் நீருக்குள் உருவாகும் நீராவிக் குமிழி, வெளிக்காற்றின் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித்தான் பெரிதாக வேண்டும். பெங்களூரில் அந்த எதிர்ப்பு குறைவு. அதனால் தண்ணீர் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். குக்கரில் விசில் குண்டைப் போட்டு அழுத்தத்தைக் கூட்டினால், அந்தக் கொதிநிலையை 120 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம். பருப்பு சீக்கிரம் வேகும்.

சம்ப்பும் போர்வெல்லும்

இப்போது தரைக்குக் கீழே இறங்குவோம். வாசலுக்கடியில் தண்ணீர் சேர்த்துவைக்கும் சம்ப் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார், மேலேயே உட்கார்ந்துகொண்டு சம்ப்பிலிருந்து தண்ணீரை எடுக்கிறது. ஆனால் போர்வெல் மோட்டாரைத் தரையில் வைப்பதில்லை. ஆயிரம் அடி தாண்டிப் போன போர்வெல்லாக இருந்தாலும் மோட்டாரைக் குழிக்குள் தண்ணீருக்கு அடியில் இறக்குகிறார்கள். பழுதானால் அவ்வளவு குழாயையும் வெளியே எடுத்தாக வேண்டும். ஏன் இந்த வீண் சிரமம்?

வீண் சிரமம் இல்லை. தண்ணீரை யாராலும் மேலேயிருந்து இழுக்க முடியாது! ஸ்ட்ராவில் ஜூஸ் குடிக்கும்போது நீங்கள் ஜூஸை இழுப்பதில்லை. ஸ்ட்ராவுக்குள் இருக்கும் காற்றைக் குறைக்கிறீர்கள், அவ்வளவுதான். டம்ளரின் மேல் நிற்கும் வெளிக்காற்று ஜூஸைத் தள்ளி உங்கள் வாய்க்கு அனுப்புகிறது. சம்ப் மோட்டாரும் அப்படியே. அது குழாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. தள்ளும் வேலையை வெளிக்காற்று செய்கிறது.

வெளிக்காற்றின் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. சென்னையில் அது அதிகபட்சம் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும். பெங்களூரில் 9.3 மீட்டர்தான். உலகத்திலேயே சிறந்த மோட்டாரைக் கொண்டுவந்தாலும் தரையிலிருந்து அதைத் தாண்ட முடியாது. சம்ப்பின் ஆழம் இரண்டு மூன்று மீட்டர்தான், ஆகவே பிழைத்தது. போர்வெல்லில் மோட்டார் அடியில் போய் நின்று தண்ணீரை மேலே தள்ளியாக வேண்டும்.

மூடிய பாட்டிலின் ரகசியமும் இதுதான். ஓட்டைக்கு வெளியே நிற்கும் காற்று தண்ணீரை உள்நோக்கித் தள்ளுகிறது. மூடி இறுக்கமாக இருக்கும்போது உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்று, சில சொட்டுகள் வெளியேறியதுமே பலம் இழக்கிறது. வெளிக்காற்று ஜெயிக்கிறது. மூடியைத் திறந்தால் மேலேயிருந்தும் காற்று தள்ளும், இரண்டு தள்ளலும் சமமாகிவிடும். மிச்சமிருக்கும் நீரின் எடைதான் தண்ணீரை வெளியே பீய்ச்சுகிறது.

காவேரி ஏறி வரும் வழி

நம் சம்ப்பில் விழும் காவேரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், மண்டியா மாவட்டத் தொரேகாடனஹள்ளியிலிருந்து. 1974-ல் குடிநீர்த் திட்டத்தின் முதல் கட்டமாக வந்தது. நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, ஊரோ மேட்டில் இருக்கிறது. தண்ணீர் ஏற வேண்டிய உயரம் சுமார் 500 மீட்டர்.

இப்போது நீங்களே கணக்குப் போடலாம். 10 மீட்டருக்கு ஒரு கிலோ என்றால் 500 மீட்டருக்கு? சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ! ஒரே மூச்சில் தள்ளினால் அடிவாரத்துக் குழாய்கள் இவ்வளவையும் தாங்க வேண்டும். குழாய்ச் சுவரின் உராய்வை மீறத் தேவையான அழுத்தம் வேறு. அதனால் தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடங்களில் நின்று நின்று தள்ளுகிறார்கள். சராசரியாக ஒவ்வொரு இடத்திலும் சதுர சென்டிமீட்டருக்கு 17 கிலோ அளவில் அழுத்தம் அடங்கிவிடுகிறது.

அதே வட்டாரத்தில் சிவனசமுத்திரம் இருக்கிறது. அங்கே காவேரி உயரத்திலிருந்து குழாய்கள் வழியே இறங்கும்போது உண்டாகும் அழுத்தம் டர்பைனைச் சுழற்றுகிறது. 1902-ல் கோலார் தங்கவயலுக்கும், 1905-ல் பெங்களூருக்கும் மின்சாரம் தந்தது அந்த நீர்தான். இறங்கும் தண்ணீர் மின்சாரம் தரும். ஏறும் தண்ணீர் மின்சாரம் கேட்கும். குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோகும்போது, 500 மீட்டர் தள்ளிக் கொண்டுவந்த உழைப்பும் சேர்ந்து சாக்கடைக்குப் போகிறது.

யோசித்துச் சொல்லுங்கள்

1. மூன்று ஓட்டை பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கினால் மூன்றும் நின்றுவிடுமா? மேல் ஓட்டையில் என்ன நடக்கிறது என்று உற்றுக் கவனியுங்கள்.

2. காற்று இறங்கிப்போன சைக்கிள் டயரில் அழுத்தமானி பூஜ்யம் காட்டுகிறது. உள்ளே காற்றே இல்லையா, அல்லது அழுத்தமானி வேறு எதையோ அளக்கிறதா?

3. நீர்மட்டம் தரையிலிருந்து 9.5 மீட்டர் ஆழத்தில் இருக்கும் இரண்டு கிணறுகள், ஒன்று சென்னையில், ஒன்று ஜீவனஹள்ளியில். குறையே இல்லாத ஒரு மோட்டாரைத் தரையில் வைத்து இரண்டிலும் போட்டுப் பார்க்கிறோம். ஒரு கிணற்றில் தண்ணீர் வருகிறது, மற்றதில் வரவில்லை. எதில் வரும்? வராத கிணற்றுக்கு, மோட்டாரை மாற்றாமலேயே தண்ணீர் வரவைக்க என்ன செய்வீர்கள்?