களப்பெயர்ப் பதிவு

கடிதம் எழுதுவோர் உறையின்மேல் பெறுவோரின் பெயரையும் தெருவையும் ஊரையும் எழுதுகின்றனர். அஞ்சற்காரர் அவற்றைப் படித்து உரிய வீட்டிற் சேர்க்கின்றார். கணிப்பொறிகளோ பெயரால் ஒன்றையொன்று அறிவதில்லை, எண்ணாலேயே அறிகின்றன. இணையத்தின் வழியாகச் செய்தியை அனுப்பவும் பெறவும் ஓர் எண் முகவரி வேண்டும். நெடுங்காலமாக வழங்கிவரும் முறையில் அம்முகவரி நான்கு எண்களால் ஆயது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். பிற்காலத்தில் ஏற்பட்ட முறையில் அஃது இன்னும் நீண்டது. இவ்வெண்களை நினைவில் இருத்துதல் பொறிக்கு எளிது; மனிதர்க்கு அரிது. ஆதலின், எண்ணுக்கு ஈடாக மக்கள் மனத்தில் நிற்கத்தக்க ஒரு பெயரை அமைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டாயிற்று. அங்ஙனம் அமையும் பெயரே களப்பெயர். பேச்சு வழக்கில் இதனை 'டொமைன்' என்பர்.

இம்முறை ஒரே நாளில் தோன்றியதன்று. இணையத்திற்கு முன்னோடியாகிய அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு அமெரிக்க நாட்டில் 1969ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதிற் சேர்ந்த பொறிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் எழுதப்பெற்றன. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில் உள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில், எலிசபெத் பெயின்லர் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் அப்பட்டியலைப் பேணினர். புதுப்பெயர் வேண்டுவோர் அவர்களுக்குத் தெரிவிப்பர். அவர்கள் பட்டியலிற் சேர்ப்பர். ஏனைய பொறிகள் அதனைப் படியெடுத்துக்கொள்ளும். பொறிகள் சிலவாக இருந்தவரை இது நன்கு நடந்தது. அவை பெருகப் பெருக, படியெடுத்து முடிவதற்குள் பட்டியல் பழையதாயிற்று. ஓர் ஊரின் கணக்கை ஒரு கணக்கப்பிள்ளை எழுதலாம். நாட்டின் கணக்கு முழுவதையும் அவர் ஒருவரே எழுத ஒண்ணுமோ?

1983ஆம் ஆண்டில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பால் மொக்காபெட்ரிஸ் என்னும் அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரே பட்டியலை விடுத்து, பொறுப்பைப் படிப்படியாகப் பகிர்ந்தளிப்பதே அவ்வழி. 'செழியன் டாட் இன்' என்னும் பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்க. டாட் என்பது புள்ளி. புள்ளிக்கு வலப்பக்கத்தில் நிற்கும் 'இன்' இந்திய நாட்டைக் குறிக்கும். அதன்கீழ் அடங்கிய பல பெயர்களுள் ஒன்று செழியன். இலக்கணத்தார் சொல்லின் இறுதியை ஈறு என்பர். அச்சொல் ஈண்டும் நன்கு பொருந்தும். இன் என்பது நாட்டு ஈறு. வணிகத்திற்கென வகுக்கப்பெற்று இன்று யாவரும் கொள்ளும் 'காம்' என்பதும், அமைப்புகளுக்கென வகுக்கப்பெற்ற 'ஆர்க்' என்பதும் பொது ஈறுகள். காம் ஈற்றில் முதன்முதற் பதிவான பெயர் சிம்பாலிக்ஸ் என்னும் கணிப்பொறி நிறுவனத்தினுடையது. அப்பதிவு 1985ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் நிகழ்ந்தது.

மக்கள் களப்பெயரை இடமிருந்து வலமாகப் படிப்பர். பொறியோ வலமிருந்து இடமாகத் தேடும். இன் ஈற்றின் பதிவேடு எங்குளது என்று மூலச் சேவையகத்தை முதலில் வினவும். அது காட்டிய இடத்திற்குச் சென்று, செழியன் என்னும் பெயருக்கு விடை கூறும் சேவையகம் யாது என்று வினவும். அச்சேவையகமே இறுதியில் எண்ணைக் கூறும். இவ்வளவும் கண்ணிமைக்கும் பொழுதில் முடிந்துவிடும். பழந்தமிழ்ப் புலவர் சிலர் பெயர்களிலும் இவ்வொழுங்கைக் காணலாம். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊர் முதலில் நிற்கின்றது. தந்தை அடுத்து வருகின்றார். புலவர் இறுதியில் வருகின்றார். பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்லும் அந்நடையே பொறியின் நடையும் ஆகும். எழுதும்போது மட்டும் களப்பெயர் தலைகீழாய் நிற்கின்றது.

இனி, தனியொருவர்க்குக் களப்பெயர் எதற்கு என்று வினவலாம். செழியன் என்பவர் தம் ஊர்க் கோயிலின் கல்வெட்டுகளைப் படித்துக் கட்டுரைகள் எழுதி வருகின்றார் என்று கொள்க. அவற்றை இணையத்தில் இலவசமாக இடம் தரும் ஒரு நிறுவனத்தில் வைக்கலாம். ஆயின், அங்கு முகவரி அந்நிறுவனத்தின் பெயரின்கீழ் அமையும். நிறுவனம் கடையைக் கட்டினால் முகவரியும் போம். ஜியோசிட்டீஸ் என்னும் இலவச இடத்தில் எண்ணிறந்த மக்கள் தம் பக்கங்களை அமைத்திருந்தனர். அதனை நடத்திய யாகூ நிறுவனம், ஜப்பான் நீங்கலாக, 2009ஆம் ஆண்டில் அதனை மூடிவிட்டது. தமக்கெனக் களப்பெயர் உடையவர்க்கு இவ்விடர் இல்லை. பெயர் வேறு, இடம் வேறு. கட்டுரைகளை வேறொரு சேவையகத்திற்கு மாற்றி, பதிவிலுள்ள குறிப்பையும் மாற்றினால் போதும். படிப்போர் பழைய பெயரை எழுதியே புதிய இடத்திற்கு வந்து சேர்வர். பொறிகள் முன்பு பெற்ற விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்திருத்தலால், மாற்றம் எங்கும் பரவச் சில மணி நேரம் ஆதலும் உண்டு.

தொடக்கத்தில் பெயர்ப்பதிவு இலவசமாகவே நடந்தது. 1995ஆம் ஆண்டில் இரண்டாண்டுகளுக்கு 100 டாலர் என்று கட்டணம் விதிக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டில் ஐகான் என்னும் அமைப்பு தோன்றி, உலகின் பெயர் ஒழுங்கை மேற்பார்வையிடத் தொடங்கியது. ஒவ்வோர் ஈற்றிற்கும் ஒரு பதிவகம் உண்டு. இன் ஈற்றின் பதிவகத்தை 2005ஆம் ஆண்டு முதல் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற நிலையம் நடத்தி வருகின்றது. பொதுமக்கள் பதிவகத்தை நேரே அணுகுவதில்லை. அதன் ஒப்புதல் பெற்ற பதிவாளர் நிறுவனங்களை அணுகுவர். செழியனும் அத்தகைய பதிவாளர் ஒருவரின் தளத்திற்குச் சென்று, வேண்டும் பெயர் எவரிடமும் இல்லாமல் இருக்கின்றதா என்று பார்ப்பார். இருப்பின், தம் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைத் தந்து பணம் செலுத்துவார். மின்னஞ்சலுக்கு ஒரு சரிபார்ப்பு மடல் வரும். அதற்கு மறுமொழி தாராதவரின் பெயர் சின்னாளில் நிறுத்திவைக்கப்படுதலும் உண்டு. முதலாண்டுக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டி, அடுத்த ஆண்டு முதல் மிகுதியாக வாங்குவோர் பலர். புதுப்பிக்கும் கட்டணத்தை முன்னரே பார்த்துக்கொள்ளுதல் நலம்.

பெயரைத் தேர்தலில் தமிழர்க்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பழைய விதிப்படி களப்பெயரில் ரோமன் எழுத்துகளும் எண்களும் சிறுகோடுமே இடம்பெறும். இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட பகுதி 63 குறிகளுக்கு மேற்படாது. சிறப்பு ழகரத்தை ரோமன் எழுத்தால் எழுதுமாறு யாது? இசட் என்னும் எழுத்தையும் எச் என்னும் எழுத்தையும் சேர்த்து எழுதுவர் சிலர். எல் என்னும் ஓரெழுத்தால் எழுதுவர் வேறு சிலர். செழியன் ஒருவாறு பதிந்திருக்க, வாயாற் கேட்டவர் மற்றொருவாறு எழுதி வேறெங்கோ செல்வர். ஆதலின் இரண்டு வகையையும் பதிந்துகொள்வோர் உளர். தமிழெழுத்தாலேயே பெயரையும் ஈற்றையும் அமைக்கும் வழியும் இன்று உண்டு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்னும் மூன்று ஈறுகளும் தமிழெழுத்தில் வழங்குகின்றன. எனினும், பொறி அப்பெயரை அப்படியே கொள்வதில்லை. எக்ஸ், என் என்னும் ஈரெழுத்தும் இரு சிறுகோடும் முன்னிற்க, ரோமன் எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு தொடராக மாற்றியே தேடும். அத்தொடர் காண்பதற்கு அழகியதன்று; பயன்படுத்துவோர் பெரும்பாலும் அதனைக் காணவும் வேண்டுவதில்லை.

இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. களப்பெயரை விலைக்கு வாங்குவதாக மக்கள் கூறுவர். அஃது உண்மையன்று. பெயர் விற்கப்படுவதில்லை, குறித்த காலத்திற்குக் குத்தகைக்கு விடப்படுகின்றது. காம் ஈற்றில் ஓராண்டு முதல் பத்தாண்டு வரை ஒரே தவணையில் பதியலாம். தவணை தீருமுன் மீண்டும் பணம் செலுத்திப் புதுப்பித்தல் வேண்டும். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே குத்தகைதாரர். நண்பர் ஒருவர் உதவி செய்வதாகக் கூறித் தம் பெயராலும் தம் மின்னஞ்சலாலும் பதிந்துவிட்டால், செழியன் எத்துணைக் கட்டுரைகள் எழுதியிருப்பினும் அக்களப்பெயர் நண்பருக்கே உரியதாகும். நட்பு உள்ளவரை இதனால் கேடில்லை. நண்பர் ஊர் மாறினாலோ, மனம் மாறினாலோ, மறைந்தாலோ இடர்ப்பாடு தொடங்கும். பட்டா எவர் பெயரில் இருக்கின்றது என்று பாராமல் நிலத்தில் கிணறு வெட்டுவார் இலர். களப்பெயரில் மட்டும் பலர் இதனைப் பாராது விடுகின்றனர்.

தவணை தவறுதல் எளியார்க்கு மட்டும் நேர்வதன்று. 1999ஆம் ஆண்டு டிசம்பரில், பெருஞ்செல்வம் படைத்த மைக்ரோசாப்ட் நிறுவனம் பாஸ்போர்ட் என்னும் தன் களப்பெயரைப் புதுப்பிக்க மறந்தது. அந்நிறுவனத்தின் ஹாட்மெயில் என்னும் மின்னஞ்சல் சேவையில் நுழைவோர் அப்பெயரின் வழியாகவே செல்லவேண்டியிருந்தது. ஆதலின், பலர் தம் மடல்களைப் பார்க்க இயலாது திகைத்தனர். அந்நிறுவனத்தைச் சாராத மைக்கேல் சேனி என்னும் நிரலாளர் காரணத்தைக் கண்டறிந்து, கிறிஸ்துமஸ் நாளன்று தம் கடன் அட்டையால் 35 டாலர் செலுத்தினார். அதன்பின் சேவை மீண்டது.

எல்லார்க்கும் இத்தகைய ஒருவர் வாய்ப்பதில்லை. காம் முதலிய பொது ஈறுகளில் தவணை தீர்ந்த பெயருக்குப் பதிவாளர் சில நாள் தவணை தருதல் வழக்கம். அக்காலமும் கழிந்து பெயர் நீக்கப்பட்டால், 30 நாள் மீட்புக் காலம் உண்டு; அதற்குள் மீட்கப் பழைய கட்டணத்தினும் பன்மடங்கு செலுத்த நேரும். அதன்பின் ஐந்து நாள் சென்றால் பெயர் பொதுவாகிவிடும். பல ஆண்டு வழங்கிய பெயருக்குப் படிப்போர் வருகை மிகுதியாகையால், அதற்கெனவே காத்திருப்போர் உடனே பதிந்துகொள்வர். செழியனின் கல்வெட்டுக் கட்டுரைகளை நாடி வருவோர் அங்குச் சூதாட்ட விளம்பரத்தைக் காண நேரலாம். ஆய்வாளர் தம் நூல்களில் அம்முகவரியைக் குறித்திருப்பின், அச்சிட்ட அக்குறிப்பைத் திருத்துதல் இயலாது. அப்பெயரால் அமைந்த மின்னஞ்சலுக்கு வரும் மடல்களும் புதியவர் கைக்குப் போய்ச் சேரும்.

பதிவாளர் தவணைக்கு முன்னரே நினைவூட்டு மடல்கள் விடுப்பர். வங்கிக் கணக்கிலிருந்து தாமே கட்டணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. ஆயின், அட்டையின் காலம் முடிந்திருந்தால் அவ்வேற்பாடு பயன்படாது. நினைவூட்டு மடல் செல்லும் முகவரியிலும் கருத்து வேண்டும். சிலர் தம் களப்பெயராலேயே அமைந்த மின்னஞ்சலைப் பதிவாளரிடம் கொடுத்து வைக்கின்றனர். பெயர் செயலற்றவுடன் அம்மின்னஞ்சலும் செயலற்றுப் போகின்றது. மீட்புக் காலத்தில் பதிவாளர் விடுக்கும் மடல்கள் அதன்பின் அவர்க்கு எட்டுவதில்லை. ஆதலின், பழகியோர் தம் களப்பெயரைச் சாராத வேறொரு மின்னஞ்சலையே பதிவேட்டிற் குறிக்கின்றனர்.