இரண்டு ஊசி, ஒரு நூல்: தோல் கைவினை பழகுவோர்க்குச் சில குறிப்புகள்

மைசூரு தசரா ஊர்வலத்தில் யானை சுமக்கும் பொன் அம்பாரியைக் காணவே கூட்டம் திரள்கிறது. அதே ஊர்வலத்தில் நடைபோடும் குதிரைப்படைக் காவலரின் சேணங்களை உற்று நோக்குவோர் மிகச் சிலரே. அரண்மனையைச் சுற்றிப் பயணிகளை ஏற்றிச் செல்லும் டாங்கா வண்டிகளின் குதிரைகள் பூண்டிருக்கும் வார்களும் அவ்வாறே நம் பார்வைக்குத் தப்பிவிடுகின்றன. குதிரையின் இழுப்பையும், வியர்வையையும், மழையையும் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டியவை இப்பொருள்கள். ஆதலால் சுமை விழும் இணைப்புகளைக் கையால் தைப்பதே உலகெங்கும் சேணம் செய்வோரின் மரபாக இருந்து வந்துள்ளது. ஓய்வு நேரத்தில் தோல் கைவினை பழக விரும்புவோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இந்தச் சேணத் தையலைத்தான். மற்றக் கருவிகளும் நுட்பங்களும் இதைச் சூழ்ந்தே அமைகின்றன என்பது நம் கருத்து.

தையல் இயந்திரம் இரண்டு நூல்களைக் கொண்டு தைக்கிறது. ஒன்று மேற்பக்கத்திலும் மற்றொன்று அடிப்பக்கத்திலும் ஓடுகின்றன. இரண்டும் தோலின் நடுவே ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றிக்கொள்கின்றன. ஓரிடத்தில் நூல் அறுந்தால் பிடிமானம் தளர்ந்து அடுத்தடுத்த தையல்களும் அவிழத் தொடங்கும். சேணத் தையலில் உள்ளது ஒரே நூல். அதன் இரு முனைகளிலும் ஒவ்வோர் ஊசி. இரண்டு ஊசிகளும் எதிரெதிர்த் திசையில் ஒவ்வொரு துளையையும் கடக்கின்றன. ஆகவே ஒரு தையல் அறுந்தாலும், அதே இடைவெளியில் மறுபுறம் ஓடும் இழை தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேகத்தில் இயந்திரத்தோடு கை போட்டியிட முடியாது. உறுதியில் கைத்தையலை எளிய இயந்திரம் எட்டுவதில்லை.

இனித் தோலைப் பற்றிப் பார்ப்போம். கடையில் 'அசல் தோல்' என்று கேட்டு வாங்குவது போதாது. அது எவ்வாறு பதனிடப்பட்டது என்பதைக் கேட்டறிய வேண்டும். தென்னாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவது நெடுங்கால வழக்கம். மஞ்சள் பூப்பூத்துச் சாலையோரங்களில் தானே வளரும் ஆவாரையைக் கன்னடத்தில் ஆவரிகே என்பர். இவ்வகையில் பதனிட்ட தோல் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு ஆகிய ஊர்களிலிருந்து நெடுங்காலம் கப்பலேறிச் சென்றது. கிழக்கிந்தியத் தோல் என்னும் அந்தப் பழைய வணிகப் பெயரே இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. மற்றொரு முறை குரோமிய உப்பினால் பதனிடுவது. 1903-இல் சென்னையில் இம்முறையைச் சோதித்துப் பரப்ப முனைந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். பின்னர் மைசூர் சமஸ்தானத்தின் தொழில்துறை இயக்குநராகவும் அவர் பணியாற்றினார். கிணற்றில் ஓயாது நனையும் கவலைப் பைகளுக்குக் குரோமியத் தோல் ஏற்றது என்பது அக்காலத்தில் எடுத்துக்காட்டப்பட்ட நன்மைகளுள் ஒன்று. இன்று நாம் அணியும் காலணிகளிலும் கைப்பைகளிலும் பெரும்பாலானவை இவ்வகைத் தோலே.

பழகுவோர்க்கு நாம் பரிந்துரைப்பது பட்டையால் பதனிட்ட தோலை. காரணம் எளிது. நனைத்தால் அது களிமண்போல் இணங்கும். அழுத்திய வடிவத்தை உலர்ந்தபின்னும் விடாது. வெட்டிய ஓரத்தைத் தேய்த்தால் பளபளக்கும். குரோமியத் தோல் மென்மையானது, நீருக்கு அஞ்சாதது. ஆயின் ஓரத்தைத் தேய்த்து மெருகேற்ற அது இடந்தராது. இரண்டையும் வேறுபடுத்தி அறிய வெட்டிய விளிம்பைப் பார்த்தால் போதும். பட்டைத் தோல் உள்ளும் புறமும் பழுப்பாக இருக்கும். குரோமியத் தோலின் நடுவே பெரும்பாலும் நீலச் சாம்பல் நிறம் தெரியும். சாயம் ஏற்றாத தோலின்மேல் ஒரு சொட்டு நீர் விடுவதும் நல்ல சோதனையே. பட்டைத் தோல் நீரை உடனே உறிஞ்சிக் கறுக்கும். தோலின் பரப்பைச் சதுர அடியிலும் கனத்தை மில்லிமீட்டரிலும் சொல்வர். அட்டை உறைக்கு 1 முதல் 1.2 மி.மீ. கனம் போதும். இடுப்பு வாருக்கு 3 மி.மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். சென்னைப் பெரியமேட்டிலும் பெங்களூரு டேனரி சாலைப் பகுதியிலும் தோல் வணிகம் நெடுநாளாக நடைபெறுகிறது. பெரிய துண்டுகளிலிருந்து மிஞ்சும் வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்குவது தொடக்கக்காரருக்குச் சிக்கனம்.

கருவிகளின் பட்டியலைக் கண்டு மலைப்போர் உண்டு. உண்மையில் முதல் வேலைக்குத் தேவையானவை சிலவே: கூரிய கத்தி, இரும்பு அளவுகோல், கவராயம், பற்கள் உள்ள துளையுளி, குத்தூசி, கொட்டாப்புளி, மழுங்கிய முனையுள்ள இரண்டு ஊசிகள், மெழுகிட்ட நூல், உப்புத்தாள். இவற்றுள் கத்திக்கே முதலிடம். மழுங்கிய கத்தி தோலை வெட்டாது, இழுக்கும். இழுபடும் தோலை அடக்க நாம் அழுத்துவோம். அழுத்திய கத்தி வழுக்கிக் கைவிரலைத் தேடிவரும். ஆகவே சாணைக்கல்லையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். பழைய வார் ஒன்றின் உட்புறத்தில் கத்தியைப் பின்னோக்கி இழுத்துத் தீட்டினால் கூர் நெடுநேரம் நிற்கும். அளவுகோலைப் பிடிக்கும் கையின் விரல்கள் கத்தி செல்லும் வழியில் இராமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றினும் முதன்மையானது.

துளையிடும் கலைக்கு மைசூரு மானசகங்கோத்திரியில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அங்குள்ள ஜெயலட்சுமி விலாச மாளிகையில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புறவியல் அருங்காட்சியகம் அமைந்தது; அது 1968-இல் நிறுவப்பட்டது. கன்னடத்தில் தொகலு கொம்பெ எனப்படும் தோற்பாவைகள் அதன் தொகுப்பில் உள்ளன. நம் தோற்பாவை நிழற்கூத்தின் உடன்பிறப்புகள் அவை. பாவைக்குரிய தோல், பையும் செருப்பும் செய்யும் தோலைப்போல் பதனிடப்பட்டதன்று. மயிர் நீக்கி, சுரண்டி, ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக்கி, விறைப்பாக உலர்த்தியது. பாவையின் அணிகலன்கள் பலவும் சிறு உளிகளால் இட்ட துளைகளே. திரைக்குப் பின்னிருந்து விளக்கொளி அத்துளைகளின் வழியே வரும்போது அவை மணிகளாக மின்னுகின்றன. துளையின் விளிம்பு பிசிறினால் திரையில் அது உடனே தெரிந்துவிடும். உறை தைப்பவருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. அடியில் மரக்கட்டை வைத்து, உளியைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரே அடியில் துளைக்க வேண்டும். உளி சாய்ந்தால் முன்புறத் தையல் நேராகவும் பின்புறத் தையல் பாம்புபோல் வளைந்தும் அமையும்.

முதல் முயற்சிக்கு வங்கி அட்டைக்கான உறையைச் செய்து பார்க்கலாம். எந்த வங்கியின் அட்டையாயினும் அளவு ஒன்றே: 85.6 மி.மீ. நீளம், 54 மி.மீ. அகலம். உலகத்தார் ஒப்புக்கொண்ட தரம் அது. 91 மி.மீ. நீளமும் 66 மி.மீ. அகலமும் உள்ள இரண்டு துண்டுகளை வெட்டுங்கள். அகலப் பக்கங்களில் ஒன்றை வாயாக விட்டு, ஏனைய மூன்று பக்கங்களிலும் விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே கவராயத்தால் கோடு கீறுங்கள். கோடுகளுக்கிடையே 60 மி.மீ. இடம் கிடைக்கும், இரண்டு அட்டைகள் வசதியாக நுழையும். வாய்ப்புறத்தில் கட்டைவிரல் புகும் அளவுக்குப் பிறை வடிவில் ஒரு வெட்டு இருந்தால் அட்டையை எடுப்பது எளிது. ஓரங்களில் மெல்லியதாகப் பசை தடவி இரு துண்டுகளையும் ஒட்டியபின் 4 மி.மீ. இடைவெளியில் துளையிடுங்கள். வாயிலிருந்து 4 மி.மீ. கீழே தொடங்கி, மூலைகளைச் சுற்றி மறுபுறம் அதே இடத்தில் முடித்தால் மொத்தம் 58 துளைகள். தையலின் நீளம் ஏறத்தாழ 23 செ.மீ.; நூல் அதைப்போல் நான்கு மடங்கு வேண்டும். ஒரு மீட்டர் நூல் எடுத்துக்கொண்டால் குறைவு வராது.

நூலைத் தேன்மெழுகுக் கட்டியின்மேல் இரண்டு முறை இழுங்கள். மெழுகிட்ட நூல் துளைக்குள் வழுக்காமல் நிற்கும், ஈரத்தையும் ஓரளவு தடுக்கும். உறையை மரக்கிடுக்கியில் பொருத்தினால் இரு கைகளும் விடுபடும். கிடுக்கி இல்லையேல் இரண்டு மரச்சட்டங்களின் நடுவே வைத்து முழங்கால்களால் பிடித்துக்கொள்ளலாம். முதல் துளையில் நூலைச் செலுத்தி இரு பக்கமும் சமமாக விடுங்கள். அடுத்த துளையில் இடக்கை ஊசி முதலில் செல்லட்டும். வலக்கை ஊசி அதன் பின் செல்லட்டும். இரண்டாம் ஊசி முதல் நூலைக் குத்திவிடக்கூடாது. குத்தினால் இரண்டும் சிக்கிக்கொள்ளும். இழுக்கவும் வராது, அவிழ்க்கவும் வராது. ஆகவே முதல் நூலைச் சிறிது பின்னோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைச் செலுத்துவது வழக்கம். பின்பு இரு முனைகளையும் ஒரே விசையுடன் இழுக்க வேண்டும். எந்தக் கை முந்துவது என்னும் வரிசையைக் கடைசித் துளைவரை மாற்றாதிருந்தால் தையல்கள் அனைத்தும் ஒரே சாய்வில் அமையும். நடுவில் ஒருமுறை மாறினாலும் அந்த ஒரு தையல் வரிசையில் தனித்துத் தெரியும். இறுதியில் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து, நூலை ஒட்ட வெட்டினால் முடிச்சே வேண்டியதில்லை.

ஓரத்தை மெருகேற்றுவதில் பலர் பொறுமை இழக்கின்றனர். உப்புத்தாளால் இரு துண்டுகளின் விளிம்பும் ஒன்றாகும்வரை தேய்த்து, விரலால் சிறிது நீர் தடவி, வழுவழுப்பான மரத்துண்டாலோ தடித்த பருத்தித் துணியாலோ விரைந்து உரச வேண்டும். உராய்வின் சூட்டில் இழைகள் படிந்து, இரண்டு தோல்கள் ஒரே தோலாகத் தோன்றும். நீர் மிகுந்தால் ஓரம் குழைந்துவிடும். ஈரமான பட்டைத் தோலில் இரும்புக் கருவியை வைத்துவிட்டு எழுந்து செல்லாதீர்கள். திரும்பி வருகையில் கருநீலக் கறை படிந்திருக்கும். பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்வதால் விளைவது அது. கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து நம் முன்னோர் எழுதுமை செய்ததும் இதே வேதியியலால்தான்.

விலை மிகுந்த கருவிப்பெட்டி ஒன்றை முதல் நாளே தவணையில் வாங்க வேண்டாம் என்று வங்கி இதழ் ஒன்று சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் அதுவே நம் ஆலோசனை. முத்திரை அச்சுகள், சாயங்கள், ஓரம் செதுக்கும் உளிகள் ஆகியவற்றை மூன்று நான்கு பொருள்கள் செய்து முடித்தபின், கை எதைக் கேட்கிறதோ அந்த வரிசையில் வாங்கலாம். மிச்சப்படும் பணம் நல்ல தோலுக்கும், கற்பிப்பவருக்கும் செல்வது நலம்.

கற்பிப்பவர் தொலைவில் இல்லை. மைசூருவிலும் நம் ஊர்களிலும் சாலையோரத்தில் அமர்ந்து காலணி செப்பனிடும் தொழிலாளர் குத்தூசி பிடிக்கும் முறையை அரை மணி நேரம் அருகிருந்து கண்டால், அச்சிட்ட விளக்கம் பலவற்றினும் மிகுதியாக விளங்கும். இத்தொழிலைச் செய்தோரைச் சமூகம் நெடுங்காலம் விலக்கி வைத்தது. இன்று அதே வேலை ஓய்வுநேரக் கலையாகி, பயிற்சி வகுப்புகளில் கட்டணம் பெறுகிறது. அந்தக் கட்டணத்தின் ஒரு பகுதியேனும் அவர்தம் கைக்குச் சேர வேண்டும் அல்லவா? அவரிடம் நேரம் கேட்டு, அரை நாள் வருமானத்துக்குக் குறையாத தொகையை முன்னதாகவே பேசிக்கொண்டு கற்பதே முறை. தோல் தொழிலாளர் நலனுக்கெனக் கர்நாடக அரசு 1976-இல் நிறுவிய மேம்பாட்டுக் கழகம் 'லிட்கர்' என்னும் பெயரில் விற்பனை நிலையங்களை நடத்துகிறது. நன்கு தைத்த பொருள் எவ்வாறு இருக்கும் என்பதைக் கையில் எடுத்துப் பார்க்க அவையும் உதவும்.

செய்த உறையை நெகிழிப் பைக்குள் மூடி வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் காற்றோட்டமின்றி இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். புதிய உறையில் அட்டை முதல் சில நாள்கள் இறுக்கமாகவே இருக்கும். எண்ணெய் ஊற்றி அவசரப்பட்டு இளக்காமல், இரண்டு அட்டைகளைச் செருகி ஓரிரவு விட்டுவிடுங்கள்.