குளிர்பதன அறையில் பிறந்த இசை

லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில், ஒரு காலத்தில் இறைச்சியைக் கெடாமல் வைத்திருந்த குளிர்பதன அறை அது. 1970-களின் பிற்பகுதியில் டிரம்ஸ், கிடார், டேப் ரெக்கார்டர்களோடு மூன்று இளைஞர்கள் அங்கே குடிபுகுந்தார்கள். கூடத்தின் பெயர் 'கோல்டு ஸ்டோரேஜ்'. குழுவின் பெயர் 'திஸ் ஹீட்'.

சார்லஸ் ஹேவர்டும் சார்லஸ் புல்லனும் தேர்ந்த வாத்தியக் கலைஞர்கள். மூன்றாமவர் கேரத் வில்லியம்ஸோ முறையாக இசை பயிலாதவர். அதனாலேயே, கற்றவர்கள் தொடத் தயங்கும் ஓசைகளை அவர் துணிந்து தொட்டார்.

1981-இல் இவர்களது இரண்டாவது ஆல்பம் 'டிசீட்' வெளியானது. பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம். அணு ஆயுதப் போர் பற்றிய அச்சம் இதன் 11 பாடல்களிலும் இழையோடுகிறது. 'இன்டிபென்டன்ஸ்' பாடலின் வரிகள் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலிருந்து எடுக்கப்பட்டவை. கடைசிப் பாடலின் தலைப்பு, அணுகுண்டில் வதைபட்ட ஜப்பானியர்களை நினைவூட்டுகிறது.

வெவ்வேறு ஒலிப்பதிவுகளின் டேப்பை வெட்டி ஒட்டி ஒரே பாடலாக்கும் துணிச்சல் இவர்களுக்கு இருந்தது. தாளம் சட்டென்று முறியும்; மங்கலான இரைச்சலுக்குள்ளிருந்து மூன்று குரல்கள் கூட்டாக எழும்.

புகழ் பெரிதாகக் கிட்டாமலே 1982-இல் குழு கலைந்தது. இந்தியாவுக்கு வந்து கதகளி பயின்ற வில்லியம்ஸ் 2001-இல் மறைந்தார்.

ராக் இசையில் புதுமை தேடும் நேயர்கள், சுமார் 40 நிமிடங்கள் ஓடும் இந்த ஆல்பத்தை ஒரே அமர்வில், முதலிலிருந்து கடைசி வரை கேட்டுப் பாருங்கள்.